பந்துக் கணக்கு யார் கையில்?

அமெரிக்காவில் வசந்தம் பிறந்துவிட்டால், பல வீடுகளின் சனி, ஞாயிறுகளை பேஸ்பால் எடுத்துக்கொண்டுவிடும். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், அதே ஊர்ப் பிள்ளைகளோடு ஆடும் லீக் ஒரு வகை. தேர்வு வைத்து ஆள் எடுத்து, வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய் ஆடும் ‘டிராவல் டீம்’ இன்னொரு வகை. டெக்சாஸ், நியூஜெர்சி என்று குடியேறிய நம் குடும்பங்களிலும், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பாவின் பிள்ளை பேஸ்பால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவது உண்டு.

டீமில் இடம் கிடைத்த செய்தி வந்ததும் வீடே குதிக்கும். பின்னாலேயே செலவும் வரும். டீம் கட்டணம், சீருடை, பெட்ரோல், ஹோட்டல், சில இடங்களில் ஆட்டம் பார்க்கப் பெற்றோருக்கும் நுழைவுக் கட்டணம். சில போட்டிகளில், நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது: சீசனில் மொத்தம் எத்தனை போட்டிகள், அவற்றில் எத்தனை வெளியூரில் இரவு தங்க வேண்டியவை, பிள்ளைக்கு அடிபட்டால் கட்டிய பணம் திரும்புமா?

பேட் வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘லிட்டில் லீக்’ ஆட்டங்களில் ‘யூஎஸ்ஏ பேஸ்பால்’ முத்திரை உள்ள பேட்தான் செல்லும். டிராவல் போட்டிகள் பலவற்றில் ‘யூ-ட்ரிபிள்-எஸ்-ஏ’ முத்திரை உள்ள பேட்டைப் பிள்ளைகள் பிடிப்பார்கள். இதை லிட்டில் லீக்கில் அனுமதிக்க மாட்டார்கள். இரண்டிலும் ஆடும் பிள்ளை என்றால், கோச்சிடம் கேட்காமல் விலை உயர்ந்த பேட்டின் உறையைப் பிரிக்கக் கூடாது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலும் சனிக்கிழமை ஆட்டங்களை வைத்து வரிசை போட்டு, ஞாயிறன்று தோற்றவர்கள் வெளியேறும் சுற்று நடக்கும். காலையில் தோற்றால் மதியத்துக்குள் வீடு. ஜெயித்துக்கொண்டே போனால் இருட்டிவிடும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வீட்டுப் பாடத்தை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டால் காரில் அழுகை இருக்காது. ஐஸ் பெட்டியில் தண்ணீர், வாழைப்பழம், மிளகாய்ப் பொடி தடவிய இட்லி என்று எடுத்துப்போனால் மைதானத்துக் கடை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கூடவே வரும் தங்கைக்கும் ஒரு நிழற்குடை, ஒரு புத்தகம், அவளுக்கென்று ஒரு மணி நேரம் வேண்டும். அண்ணனின் சீசன் அவளுக்கும் சேர்த்துத்தானே வார இறுதியைப் பறிக்கிறது!

இதையெல்லாம் பெற்றோர் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். தவறிப்போவது பையில் வைக்க முடியாத ஒன்று. பிள்ளை எத்தனை பந்து எறிந்தான் என்ற கணக்குதான் அது.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளரின் ஓவர்களை எண்ணுவதுபோல, பேஸ்பாலில் பிட்ச்சரின் பந்துகளை எண்ணுகிறார்கள். லிட்டில் லீக் 2007 முதலே இந்தக் கணக்கை விதியாக வைத்திருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்ற பெயரில் வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. அதன்படி ஒரு நாளில் 9, 10 வயதுக்கு 75 பந்து, 11, 12 வயதுக்கு 85, 13, 14 வயதுக்கு 95. அதற்கு மேல் கூடாது. 14 வயது வரை, 21 முதல் 35 பந்து எறிந்தால் ஒரு நாள் ஓய்வு. 36 முதல் 50 வரை இரண்டு நாள். 51 முதல் 65 வரை மூன்று நாள். 66-ஐத் தொட்டால் நான்கு நாள்.

காரணம் எளிது. வளரும் வயதில் எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புப் பகுதி இன்னும் இறுகவில்லை. ஒவ்வொரு எறியிலும் முழங்கையின் உட்புறம் இழுபடுகிறது. ஓய்வில்லாமல் இழுபட்டால் அந்த இடம் புண்படும். அதற்கு ‘லிட்டில் லீக் எல்போ’ என்று பெயரே இருக்கிறது.

விதி இருக்கிறது, கோச் இருக்கிறார், பிறகு பெற்றோருக்கு என்ன வேலை? ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதுப் பையன் புதன்கிழமை ஊர் லீக்கில் 60 பந்து எறிகிறான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஓய்வு. ஆனால், சனிக்கிழமை காலை டிராவல் டீமின் கோச் அவன் கையில் பந்தைக் கொடுக்கிறார். அவருடைய நோட்டில் அவன் அந்த வாரம் எறிந்தது பூஜ்யம். அவர் மீதும் தப்பில்லை, புதன்கிழமை கோச் மீதும் தப்பில்லை. இரண்டு மைதானத்திலும் உட்கார்ந்திருந்தவர் அம்மாவோ அப்பாவோ மட்டும்தான். முழுக் கணக்கு அவர்களிடம்தான் இருக்க முடியும்.

பிட்ச்சராக ஆடிய பிள்ளையை அதே ஆட்டத்தில் கேட்ச்சராக நிறுத்துவதையும் வழிகாட்டி தவிர்க்கச் சொல்கிறது. கேட்ச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்துகொண்டேதான் இருக்கிறான். பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு வருடத்தில் நான்கு மாதமாவது எறிவதிலிருந்தே விடுப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. குளிர்காலப் பயிற்சிக்குப் பணம் கட்டும்போது இதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘போனால் போகட்டும், டாமி ஜான் ஆபரேஷன் இருக்கிறதே’ என்ற பேச்சு மைதானத்தில் காதில் விழும். டாட்ஜர்ஸ் அணியின் பிட்ச்சர் டாமி ஜானுக்கு 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முழங்கைத் தசைநாருக்கு மாற்று வைத்துத் தைத்தார். 1975 சீசன் முழுவதும் ஆடாமல், 1976-ல்தான் அவர் திரும்பினார். கிழிந்ததைச் சரிசெய்ய வந்த சிகிச்சை அது. கைக்குக் கூடுதல் பலம் கொடுக்கும் வைத்தியம் அல்ல.

பிள்ளையிடம் “வலிக்குதாப்பா?” என்று கேட்டால், “இல்லம்மா” என்றுதான் சொல்வான். உண்மையைச் சொன்னால் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பந்து வழக்கத்தைவிட மேலே மேலே போகிறதா, வேகம் குறைகிறதா, இடையில் கையை உதறுகிறானா, முழங்கையைத் தடவுகிறானா? களைத்த கையோடு எறிவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. வலி என்று சொல்லிவிட்டால் தைலம் தேய்த்து மறுநாள் அனுப்புவது கூடாது. எறிவதை நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, எந்த டீம், எத்தனை பந்து, அடுத்து எறியலாம் என்ற நாள். இந்த நான்கையும் ஆட்டம் முடிந்த கையோடு காரில் ஏறும் முன்பே எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு கோச்சுகளுக்கும் அனுப்பலாம். அரையிறுதியில் ஓய்வு நாள் குறுக்கே வந்தால், “இன்னிக்கு அவன் எறிய முடியாது சார், வேற இடத்துல ஆடட்டும்” என்று முதல் பந்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிள்ளையிடம் அதை முந்தின நாள் இரவே சொல்லியிருக்க வேண்டும். அவன் முகம் வாடத்தான் செய்யும். வாடட்டும், அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கிறது.