நிரலுக்கு முன் ஒரு தாள்

மாணவர்களே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்றால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மரம் சீவுவதில் கெட்டிக்காரர் யார்?" நிறைய பால் எடுத்தவர் என்று மட்டும் சொல்ல மாட்டார். மரத்தில் காயம் போடாமல் பால் எடுத்தவர் என்பார்.

பால் ஓடும் குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் கேம்பியம் என்ற மெல்லிய திசு உள்ளது. புதுப் பட்டையை வளர்ப்பது அதுதான். கத்தி ஆழமாக இறங்கி அதைக் கிழித்துவிட்டால், அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சும் வரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தைச் சீவ வருபவர் திண்டாடுவார். இன்றைய பாலைப் போலவே, நாளை சீவ வருபவரையும் நினைத்து வேலை செய்தவரே கெட்டிக்காரர்.

இணையத்தளத்துக்குச் செருகுநிரல் எழுத ஆசைப்படும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதையேதான்.

செருகுநிரல் என்றால் என்ன?

பள்ளி, கோயில், சங்கம் என்று நாம் பார்க்கும் பல இணையத்தளங்கள் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் இயங்குகின்றன. கட்டுரை, படம், அறிவிப்பு ஆகியவற்றை நிரல் தெரியாதவரும் பதிவேற்ற உதவும் மென்பொருள் அது. பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய ட்ருப்பல் 2001 இல் வெளிவந்தது. வேர்ட்பிரஸ் 2003 இல் வந்தது. இன்று உலக இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில் இயங்குகின்றன. 2005 இல் வந்த ஜூம்லாவின் பெயர் "எல்லாம் சேர்ந்து" என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லிலிருந்து எடுத்தது. மலாய்ப் பாடத்தில் கூட்டுத்தொகைக்கு "ஜும்லா" என்று எழுதுகிறோமே, அதுவும் இதுவும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை.

இந்த மென்பொருள்களில் எல்லா வசதியும் இருக்காது. வேண்டியதை நாமே எழுதி இணைத்துக்கொள்ளலாம். அப்படி இணைக்கும் சிறு நிரல்தான் செருகுநிரல். வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வத் தொகுப்பில் மட்டும் ஏறக்குறைய 60,000 செருகுநிரல்கள் இருக்கின்றன.

"செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறதே, இதற்கு எதற்குத் திட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நிரல் எழுதுவது எளிதாகிவிட்ட காரணத்தால்தான் திட்டமிடுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது என்பது என் கருத்து. கேட்டதை அது எழுதித் தரும். எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். ஒரே ஒரு தாள் போதும்.

நம் ஊருக்கு ஒரு வேலை

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சுங்கை சிப்புட்டைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களே நிறைந்திருந்தன. 1950களின் இறுதியில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் மக்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் இந்த ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய சங்கம் அது. அதன் பிறகும் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. லயத்து வீடுகள் போய்விட்டன. எஞ்சியவை சில வீடுகளின் தகரப் பெட்டிகளில் இருக்கும் புகைப்படங்களும் முதியவர்களின் நினைவும்தான்.

உங்கள் கணினிக் கழகம் அந்தப் படங்களைத் திரட்டி ஓர் இணையத்தளத்தில் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒரு சிக்கல் வரும். ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலக் கம்பெனிப் பெயர் ஒன்று இருக்கும். தொழிலாளர்கள் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். இன்றைய அறிவிப்புப் பலகையில் இன்னொரு பெயர் இருக்கும். பாட்டி சொன்ன பெயரைப் பேத்தி தேடினால் "முடிவுகள் இல்லை" என்று வரும். படம் தளத்தில்தான் இருக்கும். தேடியவருக்குக் கிடைக்காத படம் இருந்தும் இல்லாததுதான். எந்தப் பெயரில் தேடினாலும் அந்தத் தோட்டத்தின் படங்கள் எல்லாம் வர வேண்டும். இதற்கு ஒரு செருகுநிரல் எழுதலாம்.

தாளில் என்ன எழுதுவது?

முதல் வரியில் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "ஒரு தோட்டத்தை எந்தப் பெயரில் தேடினாலும் அதன் படங்களைக் காட்டும்." இதில் ஓர் "உம்" சேர்த்து இன்னொரு வேலையையும் நுழைக்கத் தோன்றினால், அது வேறொரு செருகுநிரல் என்று பொருள். யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்ததை அறிவீர்கள். ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திக் காத்துவரும் நூலக நிறுவனம், தன் பல்லூடகக் காப்பகமான ஆவணகத்துக்கு இஸ்லாண்டோரா என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006 இல் தொடங்கி, ட்ருப்பலுக்கு மேல் கட்டப்பட்டது அது. அதில் புத்தகத்துக்கு ஒரு கூறு, ஒலிப்பதிவுக்கு ஒரு கூறு, படத்துக்கு ஒரு கூறு என்று தனித்தனியாக வைத்தார்கள். எது வேண்டுமோ அதை மட்டும் இணைக்கலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் சரிசெய்யலாம்.

இரண்டாவதாக, இது எதைச் செய்யாது என்று எழுதுங்கள். படம் தந்தவரின் அடையாள அட்டை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் சேமிக்காது. படங்களை அழகுபடுத்தாது. முகங்களை அடையாளம் காணாது. இப்படி நாலு வரி எழுதிவிட்டால், பாதி வழியில் புலனக் குழுவில் ஒருவர் "இதையும் சேர்க்கலாமே" என்று சொல்லும்போது காட்டுவதற்கு ஒரு தாள் கையில் இருக்கும்.

மூன்றாவது, எங்கே இணைப்பது? இங்கேதான் பால்மரத்தை நினைக்க வேண்டும். தேடல் தவறாக வருகிறது என்று வேர்ட்பிரஸின் மையநிரல் கோப்பையே திறந்து திருத்துபவர்கள் உண்டு. அன்று அது வேலை செய்யும். அடுத்த பதிப்பு வந்து புதுப்பித்தவுடன் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். அழியக்கூடாது என்று புதுப்பிக்காமல் விட்டால் பாதுகாப்புக் குறைகள் திறந்தே கிடக்கும். இது கட்டையில் போட்ட காயம். அதற்குப் பதிலாக, மென்பொருளை உருவாக்கியவர்களே பல இடங்களில் கொக்கிகளை வைத்திருக்கிறார்கள். "தேடல் தொடங்கும் முன் உன் நிரலை அழைக்கிறேன்" என்பது ஒரு கொக்கி. உங்கள் நிரல் தனிக் கோப்புறையில் இருந்துகொண்டு அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். தளத்துக்கு ஒன்றும் ஆகாது. எந்தக் கொக்கி என்பதை நிரலுக்கு முன்பே தேடித் தாளில் குறித்துவிடுங்கள்.

தமிழுக்கு என்று ஒரு சோதனை

நான்காவது வரி, தமிழில் சோதிப்பது. பிறர் எழுதிய வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது.

"தோட்டம்" என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள்: தோ, ட், ட, ம். ஒருங்குறியில் அது ஏழு குறிகள். இணையத்தில் வழக்கமான யூ.டி.எஃப்.-8 முறையில் 21 பைட்டுகள். முன்னோட்டத்துக்காக ஆறு குறிகளோடு வெட்டச் சொன்னால் கடைசிப் புள்ளி போய் "தோட்டம" என்று நிற்கும். பத்து பைட்டுகளில் வெட்டினால் ஓர் எழுத்து பாதியில் அறுந்து, திரையில் கேள்விக்குறிதான் தெரியும்.

தேடலில் இதைவிடப் பெரிய பொறி உண்டு. "கொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு வகையாகச் சேமிக்கலாம். "க" வுக்குப் பின் "ொ" என்ற ஒரே குறி வருவது ஒரு வகை. "க" வுக்குப் பின் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வருவது இன்னொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒரு வகையில் பதிந்ததை இன்னொரு வகையில் தட்டினால் தேடல் தவறக்கூடும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுவதே வழி. இதை இயல்பாக்கம் என்பார்கள். இது தாளில் இருந்தால் செயற்கை நுண்ணறிவிடமும் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் அதுவாகச் சொல்லும் என்று நம்பியிருக்க முடியாது.

அடுத்து வருபவர்

கடைசி வரி, நீங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது? படிவம் ஐந்து முடிந்ததும் நீங்கள் போய்விடுவீர்கள். பல பள்ளித் தளங்கள் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று நம் பக்கத்து மொழியில் கிடைத்தது. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு, மலையாளத்தில் தட்டச்சு செய்வதற்காக ஒரு செருகுநிரல் எழுதினார்கள். பெயர் நாராயம், ஓலையில் எழுதும் இரும்பு எழுத்தாணி என்று பொருள். அதில் நிரல் தனியாகவும், எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற விதிகள் தனிக் கோப்புகளாகவும் இருந்தன. ஆகவே மற்ற மொழிக்காரர்கள் தங்கள் விதிகளை மட்டும் எழுதிச் சேர்த்தார்கள். தமிழ்99, பாமினி என்று தமிழுக்கே பல விசைப்பலகை முறைகள் அதில் இடம்பெற்றன. 2013 இல் நாராயத்தின் இடத்தைப் புதிய செருகுநிரல் ஒன்று பிடித்தது. ஆனாலும் விதிகள் வீணாகவில்லை. புதியதற்கும் அவை உதவின.

நம் தோட்டத் தேடலுக்கும் அதே வழிதான். தோட்டப் பெயர்களை நிரலுக்குள் எழுதிவிடாதீர்கள். தனிப் பட்டியலாக வையுங்கள். நிரல் ஒரு வரிகூடத் தெரியாத படிவம் ஒன்று மாணவி, தன் பாட்டி சொன்ன இன்னொரு பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க முடிய வேண்டும். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம்.

சிறிய நிரல்தானே என்று அலட்சியமாக நினைக்கவும் வேண்டாம். 2016 மார்ச்சில் ஒருவர் "லெஃப்ட்-பேட்" என்ற தன் 11 வரி நிரலைப் பொதுத் தொகுப்பிலிருந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் தடைபட்டன. உங்கள் நிரலை யார் நம்பியிருக்கிறார்கள், உங்கள் நிரல் யாரை நம்பியிருக்கிறது என்பதையும் தாளில் எழுதுங்கள்.

எழுதி முடித்தால் ஒரு பக்கம்தான் வரும். அதை நிரலோடு சேர்த்து அதே கோப்புறையில் வையுங்கள். பிறகு நிரலை நீங்களே எழுதுங்கள், அல்லது எழுதித் தரச் சொல்லிச் சரிபாருங்கள்.

ஆனால் இந்த விடுமுறையிலேயே வீட்டில் உள்ள பெரியவரிடம் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த தோட்டங்களின் பெயர்களை எல்லாம் கேட்டு எழுதிவிடுங்கள். நிரலை அடுத்த ஆண்டும் எழுதலாம்.