ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்



மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டிவிடுகின்றன. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். நான் சொல்வது வெள்ளமே தொடாத காரைப் பற்றி. ஹேண்ட் பிரேக் இழுத்தபடி மழைக்காலத்தில் சில வாரம் நின்றால், ஈரக் காற்றிலேயே பின் சக்கர டிரம்முக்குள் துரு ஏறி, பிரேக் ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும்.

உடனே ஆக்சிலேட்டரை மிதித்து இழுப்பதுதான் நம்மவர் வழக்கம். 'டொக்'கென்று விட்டுவிடும், சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதில்தான் பயம். ஷூவிலிருந்து லைனிங் பிய்ந்திருந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்துப் பாருங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி எடுப்பார். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஷூவில் படக்கூடாது. தானாக விட்டுவிட்டாலும் டிரம்மைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் காரைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுக் கிளம்புங்கள். மேம்பாலச் சரிவில் மட்டும் இது கூடாது. அங்கே ஹேண்ட் பிரேக் போட்டே ஆகவேண்டும். மழை விட்டதும் போய்க் காரை எடுத்துவிடுங்கள்.