சுவரில் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை

"சரித்திரம் என்றாலே ராஜாக்கள் கதைதானே! ஏழைபாழைகளைப் பற்றி அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள்?" பட்டிமன்றத்திலும் டீக்கடையிலும் இதைச் சொல்லாதவர் கிடையாது. கேட்பதற்குப் பரிவான பேச்சுதான். எனக்கென்னவோ சோம்பேறித்தனத்துக்குப் போர்த்திய பொன்னாடையாகவே படுகிறது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். ராஜராஜன் 1010-இல் முடித்த கோயில். வருகிற கூட்டம் உயர்ந்த விமானத்தை அண்ணாந்து பார்க்கிறது. நிழல் தரையில் விழாது என்று யாரோ சொல்ல, தலையாட்டுகிறது. (சாயங்காலம்வரை இருந்து பாருங்கள், நன்றாகவே விழும்.) அடித்தளத்திலும் திருச்சுற்றிலும் வரிவரியாக ஓடும் எழுத்தை நின்று பார்ப்பவர் எத்தனை பேர்?

அங்கே 400 பெண்களின் பெயர் இருக்கிறது. திருவாரூர், பழையாறை, ஐயாறு என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட, கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள். வெறும் தொகை போட்டு முடித்துவிடவில்லை. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு என்று விலாசத்தோடு வெட்டியிருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு: நக்கன் சேரமங்கை. அதே தெருவில் எடுத்தபாதம் என்றொருத்தி. ஆடுகிற பெண்ணுக்கு அம்பலத்தான் தூக்கிய காலையே பெயராக வைத்திருக்கிறார்கள்! ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். செத்துப்போனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்பதுவரை எழுத்தில் உண்டு. அவர்களோடு நட்டுவம் செய்தவர், குசவர், நாவிசர், தையான், கன்னான், துணி வெளுத்த ஈரங்கொல்லி எல்லாருக்கும் பங்குக் கணக்கு இருக்கிறது.

இடையர் விஷயம் இன்னும் சுவாரசியம். அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையன் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவன் பெயரும், பொறுப்பேற்ற உறவுக்காரர்கள் பெயரும் கல்லில் ஏறியிருக்கின்றன. இப்படி விட்ட ஆடுகளுக்குச் சோழர் காலத்துச் சொல் ‘சாவா மூவாப் பேராடு’. கிழடு தட்டிச் சாகிற இடத்தைக் குட்டி நிரப்பும், கணக்கில் 96 குறையவே குறையாது என்பது ஏற்பாடு. நோய் வந்து மந்தை மடிந்தால் என்ன ஆகும்? ஆடு மேய்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மந்தைதான் செத்திருக்கும், உழக்கு சாகாது.

இதையெல்லாம் ராஜராஜனின் பெரிய மனசுக்குச் சான்றாகச் சொல்லிவிடாதீர்கள். இது கணக்கு, யாரிடம் எவ்வளவு வாங்க வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பேரேடு. சொந்த ஊரைவிட்டுத் தஞ்சாவூருக்கு வர அந்த 400 பேருக்கும் சம்மதமா என்று கல்லில் ஒரு வரி இல்லை. இருந்தாலும் பெயர் இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் படித்துப் பதிப்பித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சேறி நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிறது. நாம்தான் எடுத்துப் பார்க்கவில்லை. சதய விழாவுக்குச் சதய விழா ராஜராஜன் சிலைக்கு மாலை போடுகிறோமே, சேரமங்கை பெயரை ஒரு மேடையிலாவது கேட்டதுண்டா?

"சரி, பெயரே இல்லாதவர்கள்?" என்று கேட்பீர்கள். அவர்கள் விஷயத்திலும் ‘யாரும் எழுதவில்லை’ என்பது பொய்தான். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கைப் பாருங்கள். முந்திரிகை என்ற சின்னஞ்சிறு பின்னத்துக்கும் கீழே பின்னம் போட்டு நிலம் அளந்திருக்கிறார்கள். வரி கிடையாது என்று கழித்த இடங்களின் வரிசை அதில் வரும்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லில் அந்தச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. அப்படியென்றால் அளக்கப் போனவனுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. எல்லைவரை போயிருக்கிறான், பரப்பை எழுதியிருக்கிறான், கழித்திருக்கிறான். உள்ளே யார் குடியிருந்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. தளிச்சேரியில் தென்சிறகு, வடசிறகு என்று ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டு போனதும் இதே ராஜராஜனின் நிர்வாகம்தான்.