பேரம் யாருடைய கூலியில்?

கைவினைக் கண்காட்சிகளில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். பார்க்கிங்குக்கும் பஜ்ஜிக்கும் கேட்ட காசைக் கொடுப்பவர்கள், மரச்சிற்பக் கடையில் மட்டும் "பாதி விலைக்குத் தருவீங்களா?" என்கிறார்கள்!

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரத்துண்டில் உளியால் செதுக்குபவை. 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும், கூலியை அல்ல.

கணக்கு எளிதுதான். மரத்தின் விலை, வண்டி வாடகை, கடை வாடகை மூன்றும் பேரத்தால் குறையாது. அப்படியென்றால் குறைத்து வாங்கும் நூறு ரூபாய் எங்கிருந்து போகிறது? செதுக்கியவரின் கூலியிலிருந்து!

"பேரத்துக்கென்றே ஏற்றிச் சொல்கிறார்களே" என்பதும் உண்மைதான். இரண்டுக்கும் ஒரே மருந்து: விலைச்சீட்டில், செதுக்க எத்தனை நாள் ஆனது என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகும் பாதி விலைக்குக் கேட்க மனசு வருமா என்ன?