ஆராய்ச்சி மாநாட்டின் வாசல் நம் பிள்ளைகளுக்கும் உண்டு

ஸ்ரீவராகம், மணக்காடு, சாலைக் கடைத்தெரு வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் பலர். கடைச் சிப்பந்தியும் ஆபீஸ் குமாஸ்தாவும் கடன் வாங்கியாவது பிள்ளையை இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்துவிடுகின்றனர். படிப்பு முடிந்ததும் டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தால் போதும் என்பதே பெற்றோரின் கனவு. அதில் தவறில்லை. ஆனால் அதற்கு மேலும் ஒரு படி உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அந்தப் படிதான் ஆராய்ச்சி.

கம்ப்யூட்டரில் என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். பொங்கலுக்கு ஊர் செல்ல அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் பாக்கி இருக்கிறது. தம்பானூரில் ஒருவரும் நாகர்கோவிலில் ஒருவரும் ஒரே நொடியில் அதைக் கேட்கிறார்கள். இருவருக்கும் அதே பெர்த்தைக் கொடுத்துவிடாமல் கம்ப்யூட்டர் எப்படிச் சமாளிக்கிறது? ஒரு வேலை முழுதாக முடிய வேண்டும், அல்லது தொடங்காதது போலவே ஆகிவிட வேண்டும் என்ற விதிதான் இதற்கு அடிப்படை. அமெரிக்க நிபுணர் ஜிம் கிரே 1981இல் பிரான்ஸின் கான் நகரில் நடந்த மாநாட்டில் இதை விளக்கிக் கட்டுரை அளித்தார். இத்துறைப் பணிக்காக 1998இல் டூரிங் விருதும் பெற்றார்.

மற்ற விஞ்ஞானங்களில் புதிய கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் பத்திரிகைகளில் வெளியாகும். கம்ப்யூட்டர் துறையிலோ மாநாடுகளுக்கே முதலிடம். கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் மொழிகளைப் பற்றிய 'பாப்பிள்' மாநாடு 1973இல் பாஸ்டனில் தொடங்கியது. அதன் 42வது மாநாடு 2015 ஜனவரியில் மும்பையில் நடந்தது. மும்பை மாநாட்டுக்கு முன்பே, 1981 முதல், எப்.எஸ்.டி.டி.சி.எஸ். என்னும் மாநாடு ஆண்டுதோறும் நம் நாட்டிலேயே நடந்து வருகிறது. முதல் மாநாடு நடந்த இடம் பெங்களூர்.

இவையெல்லாம் ஐ.ஐ.டி.க்காரர்களுக்கும் வெளிநாட்டாருக்கும்தானே என்று ஒதுங்கிவிடுவது சரியல்ல. 'பாப்பிள்' கட்டுரைகளை 2018 முதலும், எப்.எஸ்.டி.டி.சி.எஸ். கட்டுரைகளை 2008 முதலும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். மும்பை மாநாட்டையொட்டி மாணவர்களுக்கென்றே வழிகாட்டும் பட்டறையும் நடந்தது. மாநாட்டு வேலைகளில் கைகொடுக்கும் மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வழக்கமும் பல மாநாடுகளில் உண்டு. கதவு பூட்டியில்லை. ஆனால் அது இருக்கும் திசைதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

சம்பளமில்லாமல் இன்னும் ஐந்து வருஷம் படிக்க வைக்க முடியுமா என்பது பெற்றோரின் நியாயமான கேள்வி. கேட் அல்லது நெட் தேர்வில் தேறி, உதவித்தொகையுடன் ஆராய்ச்சியில் சேர்பவர் வீட்டுக் காசில் படிக்க வேண்டியதில்லை. ஜூனியர் ரிசர்ச் பெல்லோஷிப் 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பலருக்கு இந்தத் தொகை கிடைப்பதில்லை.

எனவே கல்லூரி ஆசிரியர்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமாவது ஒரு மாநாட்டுக் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, தகுதியுள்ள இரண்டு மாணவர்களுக்கு ரயில் கட்டணம் கொடுத்து அனுப்பலாம். மாநாடு நடத்துவோரும் ஒருநாள் கூட்டத்தையாவது திருவனந்தபுரம் போன்ற நகரங்களின் சாதாரணக் கல்லூரிகளில் நடத்த முன்வர வேண்டும்.

பிறர் எழுதிய புரோகிராமை ஓட்டுவதும் கௌரவமான பிழைப்புதான். ஆனால் அதை எழுதும் மொழியையே வகுக்கும் சபையில் நம் தெருப் பிள்ளை ஒருவரும் உட்கார வேண்டாமா? பெற்றோர்களும் சங்கங்களும் சிந்திக்கட்டும்.