பூட்டு ஊரில் ஓர் ஊசி

அப்பாவின் பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு அரத்தால் ராவி வளர்ந்தவன் நான். தகடு கையைக் கிழிக்காத வாரமே கிடையாது. மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. காயத்துக்கு மஞ்சள் அப்பும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆனால் அப்படிப்பட்ட காயத்தின் வழியே வரக்கூடிய ரண ஜன்னி (டெட்டனஸ்) துருவிலிருந்து வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் கிருமி காயத்துக்குள் புகுந்து கக்கும் நஞ்சுதான் காரணம். அது செய்யும் வேலை பூட்டுக்காரனுக்குச் சட்டென்று புரியும். நரம்பு முனையில் வேதிச் செய்தியைச் சுமந்த நுண்பைகள் காத்திருக்கின்றன. பையின் மேலுள்ள சினாப்டோபிரெவின் என்ற புரதம், செல் சவ்விலுள்ள இரண்டு புரதங்களோடு முறுக்கிக்கொண்டால்தான் பை திறக்கும். சாவி கால்சியம்; அது நுழைந்ததை உணர்வது சினாப்டோடாக்மின் என்ற புரதம். இந்த நுண்பைப் போக்குவரத்தை விளக்கிய ராத்மன், ஷெக்மன், சூட்ஹாஃப் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஜன்னி நஞ்சு அந்த சினாப்டோபிரெவினை வெட்டிவிடுகிறது. ‘போதும், தளரு’ என்று தசையை அடக்கும் செய்தி வெளியே வராது. தாடை பூட்டிக்கொள்ளும். அதற்கு மாற்றுச் சாவி செய்ய எங்கள் ஊரிலும் ஆளில்லை.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு இதற்குத் தடுப்பூசி போடுகிறது. 10, 16 வயதிலும் உண்டு. பிறகு அடிபட்டால்தான் நமக்கு நினைப்பே வருகிறது. பட்டறைக்காரர்களே, தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர்களே, கடைசி ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே கேளுங்கள்.