எண்ணெய்தானே!

திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, குன்றிலிருந்து இறங்கி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடை ஓரமாக ஒரு லாரி; அதில் ஏழெட்டு இரும்பு டிரம்கள். ஏதோ ஓர் ஆலையில் பர்னஸ் ஆயில் தொட்டியைக் காலி செய்து, அடியில் தங்கிய மண்டியை வாரிக்கொண்டு போகிறார்கள். மூடியைத் திருகிக்கொண்டிருந்த பையனுக்கு முழங்கை வரை கறுப்பு. இறங்கி வந்து, சீமெண்ணெயை ஊற்றிக் கையைத் தேய்த்தான்.

"கைக்கு உறை கொடுக்கலையா, தம்பி?"

"எதுக்கு அண்ணாச்சி? எண்ணெய்தானே!"

எனக்குக் கோபம் வந்தது, பையன்மீது அல்ல. தமிழனுக்கு எண்ணெய் என்பது மங்கலமான சொல். தீபாவளியன்று தலையில் வைப்பதும் எண்ணெய், சந்நிதியில் விளக்கேற்றுவதும் எண்ணெய். பெட்ரோலையும் டீசலையும் வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் கசடுக்கும் அந்தப் பெயரையே சூட்டிவிட்டோம். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐரோப்பாவில் இந்தச் சரக்கின் பீப்பாய்மீது அச்சிட்டாக வேண்டும். சீமெண்ணெயில் கழுவினால் பிசுக்கோடு தோலின் காப்பும் போய்விடும். மூடிய தொட்டியிலோ அழுகிய முட்டை நாற்றத்துடன் ஒரு வாயு சேர்ந்திருக்கலாம். அது மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி உள்ளே இறங்கியவன் பிழைப்பது துர்லபம்.

டிரம்களைச் சுற்றிவந்து பார்த்தேன். ஒரு லேபிள் கிடையாது. எங்கே? சிவகாசிக்கு அடுத்த வாசலில்! ஓலை வெடிக்கும் தீப்பெட்டிக்கும் நாலு வர்ணத்தில் லேபிள் அடித்துத் தேசமெல்லாம் அனுப்புகிற சீமையில்!

சட்டம் இல்லாமல் இல்லை. அபாயக் கழிவுகளுக்கான 2016ஆம் வருஷத்து விதிகளின்படி மஞ்சள் லேபிளில், சிவப்பு எழுத்தில், ஹிந்தி, இங்கிலீஷோடு வட்டார மொழியிலும் 'அபாயக் கழிவு', 'கவனமாகக் கையாளவும்' என்று போட வேண்டும். சரி, கவனமாக என்றால் எப்படி? மற்றபடி அந்த லேபிள் கேட்பவை வகை, அளவு, தேதி, அனுப்புகிறவர், வாங்குகிறவர் போன்ற விவரங்கள். குமாஸ்தாவுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. கையில் பட்டால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை.

படிக்காத ஜனங்களுக்கு லேபிள் எதற்கு என்று சில கனவான்கள் கேட்பார்கள். அந்தப் பையன் டீக்கடையில் தினசரியை எழுத்துக் கூட்டாமலே வாசித்தான். படித்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. இதே ஜாதிக் கரும் எண்ணெய் கடலில் கொட்டியது. கொட்டவே இல்லை என்று முதலில் சாதித்தார்கள். பிறகு செம்படவர்களும் கல்லூரி மாணவர்களும் கரையில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். வெறுங்கையால் அள்ளியவர்கள் எத்தனையோ பேர். இது இன்னதென்று முதல் நாளே தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுக்க எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்? சிவகாசி அச்சகத்தில் விசாரித்தால் விலை சொல்வார்கள்.

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பையன் அந்தக் கையாலேயே வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான்.